உழைப்பவர் உயிரும் இளையோர் பார்வையும்

தொலைக்காட்சியில் இளையோரைப் பெரிதும் ஈர்க்கும் நிகழ்ச்சிகளுள் ஒரு வகை, உயிருக்கு ஊறு நேரக்கூடிய தொழில்களை அவை நடைபெறும் இடத்திலேயே படம்பிடித்துத் தொடராகக் காட்டுவதாகும். 'ரியாலிட்டி ஷோ' என்பது அவற்றுக்கு வழங்கும் பெயர். அலாஸ்காவை அடுத்த பெரிங் கடலில் நண்டு பிடிப்போரைப் பற்றிய 'டெட்லியஸ்ட் கேட்ச்' 2005இல் தொடங்கியது. உறைந்த ஏரிகளின்மேல் லாரி ஓட்டுவோரைக் காட்டும் 'ஐஸ் ரோடு டிரக்கர்ஸ்' 2007இல் வந்தது. இவை நம் பிள்ளைகள் காணத் தக்கனவா?

பெற்றோரின் அச்சம் பெரும்பாலும் இரண்டு. கடுஞ்சொற்கள் காதில் விழும் என்பது ஒன்று. கண்டதைப் பிள்ளைகள் செய்து பார்ப்பர் என்பது மற்றொன்று. முதலாவதில் ஓரளவு உண்மையுண்டு. இரண்டாவதை நாம் அத்துணைப் பொருட்படுத்தவில்லை. நம் வீட்டுச் சிறுவன் எவனும் நண்டுக் கூண்டைச் சுமந்துகொண்டு கரமனை ஆற்றில் இறங்கப் போவதில்லை! அன்றியும், இவற்றால் ஒரு நன்மையும் உண்டு. அரசு அலுவலகம், வங்கி, தும்பா விண்வெளி மையம் என்று பணியின் பொருட்டுத் திருவனந்தபுரத்தில் குடியேறிய நம்மவர் இல்லங்கள் பலவற்றில், உடல் வருந்த உழைத்த பாட்டனாரை அறியாத தலைமுறை வளர்ந்துவிட்டது. கை காய்த்த மனிதரை அவர்கள் திரையிலேனும் காண்பது நன்றே.

நம் மனத்தை உறுத்துவது வேறு. இத்தொடர்களில் ஆபத்து கடலிலிருந்தும் பனியிலிருந்தும் வருகிறது; அதை வெல்பவன் வீரனாகிறான். அவனை அங்கே அனுப்பியது எது என்ற கேள்வி அலையோசையில் அமுங்கிப் போகிறது. அலாஸ்கா நண்டுத் தொழிலையே எடுத்துக்கொள்வோம். பருவம் திறந்த சில நாள்களுக்குள் எல்லாப் படகுகளும் போட்டியிட்டு வாரிக்கொள்ள வேண்டும் என்ற முறை முன்பு இருந்தது. புயலென்றும் பாராமல், உறக்கமின்றி, தாங்கும் அளவுக்கு மேல் கூண்டுகளை ஏற்றிச் சென்ற படகுகள் கவிழ்ந்தன. 1999 முதல் அமெரிக்கக் கடலோரக் காவற்படையினர் துறைமுகத்திலேயே பாரத்தைச் சோதிக்கலாயினர். 2005இல் பிடிக்கும் அளவு பங்கிட்டு வரையறுக்கப்பட்டது. உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது. கடல் மாறவில்லை, விதிதான் மாறியது.

2010இல் அமெரிக்க ஓட்டுநர் சிலரை இமயமலைச் சாலைகளுக்கு அழைத்துவந்து ஒரு தொடர் எடுத்தனர். அதே வளைவுகளில் நாள்தோறும் சரக்கு ஏற்றிச் செல்லும் நம் நாட்டு ஓட்டுநர் பின்னணியாகிவிட, சில நாள் வந்து போனவர் நாயகரானார்.

இவ்வளவு தொலைவு போவானேன்? நாகர்கோவிலுக்கும் நெல்லைக்கும் நாம் ரயிலேறும் தம்பானூர் நிலையத்தின் தண்டவாளங்களுக்கு அடியில் ஆமயிழஞ்சான் தோடு எனும் ஓடை செல்கிறது. 2024 ஜூலை 13 அன்று அதில் குவிந்திருந்த குப்பையை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், மழையில் பெருகிய வெள்ளத்தால் அடித்துச் செல்லப்பட்டார். தீயணைப்புத் துறையின் முக்குளிப்போரும், தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும், பின்னர்க் கடற்படையினரும் தேடினர். ஜூலை 15 காலை தகரப்பறம்பு அருகே உடல் மிதந்தது. அதுவரை ஏறத்தாழ இரண்டு நாள் தொலைக்காட்சிகள் இடைவிடாது காட்டிக்கொண்டிருந்தன, பிள்ளைகளும் பார்த்தனர். 'கிடைத்துவிட்டாரா?' என்று வினவியவர் பலர், 'ஏன் இறங்கினார்?' என்று வினவியவர் மிகச் சிலர். ஆள்நுழைவுக் குழிகளைத் தூய்மை செய்யும் 'பேண்டிகூட்' எனும் இயந்திரத்தை இதே நகரத்து இளைஞர்களின் நிறுவனம் 2018இலேயே உருவாக்கியிருந்தது. அந்நிறுவனத்தின் இயந்திரங்கள் அன்று ஓடைக்கு வந்ததும் உண்மை. தேடுவதற்கு வந்தன, தூர்வார மனிதர் இறங்கியிருந்தார்.

தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் எழுதிய புதினத்தைச் சுந்தர ராமசாமி 'தோட்டியின் மகன்' என்று தமிழாக்கினார். ஆலப்புழையில் மலம் சுமந்த குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை அது. பாட்டன் இசக்கிமுத்து, தந்தை சுடலைமுத்து. பெயர்களைக் கேட்டவுடனே அவர்கள் எந்த மண்ணிலிருந்து சென்றவர்கள் என்பது நமக்கு விளங்கும். புலம்பெயர்ந்த தமிழர் எல்லாரும் கோப்புகளோடு புறப்பட்டவர் அல்லர். தன் மகன் தோட்டியாகக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில் சுடலைமுத்து தன் மனச்சான்றையும் விற்கத் துணிகிறான். அத்தகைய தந்தையின் வீட்டிலும் இன்று தொலைக்காட்சி உண்டு. நம் பிள்ளை விறுவிறுப்பென்று காணும் காட்சியை அந்தப் பிள்ளை எவ்வாறு காணும்? மாலையில் அப்பா திரும்ப வேண்டிய இடமல்லவா அது?

ஆகவே இக்காட்சிகளைத் தடுக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. பத்து வயதுக்கு உட்பட்டோர்க்கு இவை வேண்டா. மரணத்தை விளையாட்டினின்று பிரித்தறியும் பக்குவம் அவ்வயதில் அரிது. மற்றவர்க்குப் பெரியோர் உடனிருந்து காட்டலாம். இவருக்குக் கூலி எவ்வளவு, இவரை இறக்கியவர் யார், இவர் திரும்பாவிடில் அடுப்பை எரிய வைப்பவர் யார் என்று இடையிடையே கேட்கலாம். பிள்ளைகள் சற்றுச் சலித்துக்கொள்வர், சலித்துக்கொள்ளட்டும். தம்பானூரில் ரயிலுக்குக் காத்திருக்கும் வேளையிலும் அப்பேச்சைத் தொடரலாம். மழைக்காலந்தோறும் அந்த ஓடையைத் தூர்வார வேண்டியிருக்கிறது.