துறவியின் ஆசியும் தேர்தல் வாக்கும்

தேர்தல் நெருங்கினால் வேட்பாளர்கள் சமயத் தலைவர்களை நாடுவது வழக்கமாகிவிட்டது. அவர்தம் ஆதரவு வெற்றியைத் தருமா?

தில்லி ஜாமா மசூதி இமாம்களின் வரலாறு விடை கூறும். 1977இல் அப்துல்லா புகாரி ஜனதா கட்சியை ஆதரித்தார், அது வென்றது. ஆயினும், நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடையால் வெகுண்ட மக்கள் முன்பே மனம் மாறியிருந்தனர். அவர் மைந்தர் அகமது புகாரி 2004இல் பாரதிய ஜனதாவையும் 2014இல் காங்கிரசையும் ஆதரித்தார். இருமுறையும் அவர் ஆதரித்த கட்சியே தோற்றது; 2014இல் காங்கிரசுக்குக் கிட்டியவை 44 இடங்களே. ஆதரவுரை காற்றின் திசையைக் காட்டலாம், காற்றை உண்டாக்காது. திருப்பாச்சூரில் வாக்களிப்பவரும் குடிநீரையும் கூலியையும் எண்ணாமல் இரார்.

சமயத்தின் பெயரால் வாக்குக் கேட்பதை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் முறைகேடென்கிறது. வாக்காளரின் சமயமும் அதில் அடங்கும் என 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சிறுபான்மையினராகிய நமக்கு, ஆலயங்களைக் காக்க அரசின் துணை வேண்டும். அதற்கு முனிவர் சொல் உதவுமே எனச் சிலர் எண்ணலாம். அனைத்தையும் துறந்தவர் ஒரு கட்சியைப் பற்றினால் அதுவும் பற்றே. மாற்றுக் கட்சியைச் சார்ந்த சிராவகர் பின்னர் எவ்வாறு மனமொன்றி அவரை வணங்குவார்? வேட்பாளர் வரின், அறம் வளர்க என்னும் வாழ்த்தே போதும். வாக்கினை இல்லறத்தாராகிய நாமே ஆராய்ந்து அளிப்போமாக.