வெள்ளீயத்தின் இயல்பு எது?

மலேசியாவின் மலைநகரான தானா ராத்தாவின் குளிர்ந்த இரவுகளில் வெப்பநிலை 13 டிகிரி செல்சியசை ஒட்டி இறங்குவதுண்டு. வெள்ளீயத்துக்கு அது ஓர் எல்லை. 13.2 டிகிரிக்கு மேல் அது பளபளக்கும் உலோகம். அதற்குக் கீழே, குறைகடத்தியைப் போல் நடந்துகொள்ளும் சாம்பல் நிற வடிவமே அதற்கு நிலையானது. அணுக்கள் மாறவில்லை, அவை அடுக்கப்பட்ட முறை மட்டும் மாறுகிறது. மேற்கே மலையடிவாரத்தில், கிந்தா பள்ளத்தாக்கின் லம்பங்கள் எனப்படும் ஈயச் சுரங்கங்கள் உலகுக்குக் கொடுத்த உலோகம் இது. பளபளக்கும் உலோகம், சாம்பல் வடிவம் ஆகிய இவ்விரண்டில் எது அதன் உண்மையான இயல்பு? இயல்பு என்பது பொருளுக்குள் முடிந்து கிடப்பதன்று, சார்பில் வெளிப்படுவது என்பதே என் வாதம். உயிரைப் பற்றிச் சைவ சித்தாந்தம் கூறும் ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்ற கொள்கைக்குச் சடப்பொருளிலும் ஓர் ஒப்புமை இருக்கிறது.

உருகுநிலை அளவீடுகள் இதைத் தெளிவாக்குகின்றன. உருகிய உலோகத்தை மெல்லக் குளிரவிட்டு வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே வந்தால், அது உறையும் வேளையில் உள்ளுறை வெப்பம் வெளியேறுவதால் இறக்கம் சற்று நின்றுவிடும். தூய வெள்ளீயத்துக்கு அந்த நிறுத்தம் 231.9 டிகிரியில், காரீயத்துக்கு 327.5-இல். நூற்றுக்கு ஏறத்தாழ 62 பங்கு வெள்ளீயமும் மீதி காரீயமுமாகக் கலந்தால் நிறுத்தம் 183 டிகிரிக்கு வந்துவிடுகிறது. இரண்டில் எதனிடமும் தனியே இல்லாத எண் அது. மின்னணுத் தொழிலில் பல பத்தாண்டுகள் பற்றவைப்புக்கு ஆதாரமாக இருந்ததும் இதே கலவைதான். தங்கம் 1064 டிகிரியிலும் சிலிக்கான் 1414 டிகிரியிலும் உருகுபவை; தக்க அளவில் சேர்ந்தால் 363 டிகிரியிலேயே உருகிவிடுகின்றன.

தூய வெள்ளீயத்தின் உறைநிலை அவ்வளவு உறுதியானதாயிற்றே, 1990-ஆம் ஆண்டின் பன்னாட்டு வெப்பநிலை அளவுகோலே அதை ஒரு நிலைப்புள்ளியாகக் கொள்கிறதே என்று மறுக்கலாம். உண்மைதான். ஆனால் தூய்மையும் அழுத்தமும் வரையறுக்கப்பட்ட பிறகே அந்த உறுதி கிடைக்கிறது. அதுவும் ஒரு சார்புதான். அப்படியானால் எல்லாமே சூழலின் செயலா? அதுவுமன்று. எந்த உலோகத்தைக் காரீயத்தோடு சேர்த்தாலும் 183 வந்துவிடாது. தானா ராத்தாவின் குளிரில் வெள்ளீயப் பாத்திரம் பொடிந்துபோவதுமில்லை. அந்த மாற்றம் தொடங்க மேலும் கடுங்குளிரோ சாம்பல் ஈயத்தின் ஒரு விதையோ வேண்டும். சிறிதளவு பிஸ்மத் கலந்திருந்தால் அதுவும் தடைபடும். காரியம் காரணத்துக்குள் முன்பே அடங்கியிருக்கிறது, ஆயினும் துணைக்காரணமின்றி வெளிப்படாது என்ற சித்தாந்தத்தின் பார்வை இங்கே பொருந்துகிறது.

உலோகத்தைக் கொண்டு உயிரை அளக்கலாமா என்பது இதைவிடக் கனமான மறுப்பு. அளக்க முடியாது. உலோகம் அறியாது, விரும்பாது, வருந்தாது. உருகுநிலை எதுவும் ஆன்மாவுக்குச் சான்றாகாது. ஆனால் ஒரு தவறான வாதத்தை அது தகர்க்கிறது: ஒரு நிலையில் கண்டதையே பிறவிக்குணம் என்று முடிவுகட்டும் வாதத்தை. மலாயாவின் தோட்ட முதலாளிகள் தமிழரைப் ‘பணிந்து போகிறவர்கள்’ என்று முத்திரையிட்டே கூலிகளாக விரும்பினர். கடனும், ஆள்சேர்த்து வேலைவாங்கிய கங்காணியும், லயம் எனும் தோட்டத்து வரிசைக் குடியிருப்பும் சூழ்ந்த நிலையில் கண்ட பணிவை ஓர் இனத்தின் இயல்பாக எழுதிவைத்தனர். எந்தச் சூழலில் அளந்தோம் என்று குறிக்காத உருகுநிலையை ஆய்வுக்கூடம் ஏற்காது. மனிதரைப் பற்றிய தீர்ப்பில் அதைவிடக் குறைந்த நேர்மை போதும் என்று சமயமோ தத்துவமோ சொல்ல இயலாது. ஒருவரின் இயல்பைப் பற்றிப் பேசுமுன், அவருக்கு எந்தச் சார்பைக் கொடுத்தோம், எதை மறுத்தோம் என்று பதில் சொல்லும் கடமை நமக்கு உண்டு.