மார்க்கா, பண்பாடா? பள்ளி தேடும் பெற்றோருக்கு



பள்ளி திறப்பது ஜூன் மாசம். ஆனா தனியார் பள்ளி அட்மிஷன் பேச்சு தை பிறந்ததுமே வீட்டுக்கு வீடு ஆரம்பிச்சுடுது. எங்கள் வீட்டிலும் இந்த வருஷம் அதே பேச்சுதான். பேத்தியை எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டும். வேன் வந்து போகிற தூரத்தில் இரண்டு பள்ளிகள். ஒன்றில் ஆறாம் வகுப்பிலிருந்தே நீட், ஜே.இ.இ. பயிற்சி, வாசலில் மார்க் வாங்கிய பிள்ளைகளின் ஃபிளெக்ஸ். இன்னொன்றில் தினமும் தேவாரம், திருக்குறள், வெள்ளிக்கிழமை கந்த சஷ்டி கவசம். படிப்பு சுமார்தான் என்று ஊரில் பேச்சு.

எனக்கு மனசு இரண்டாவது பக்கம். மருமகள் கேட்டாள்: “மாமா, கவசத்தை நீங்களே வீட்ல சொல்லிக் குடுத்துடலாம். கணக்கும் சயின்ஸும் யார் சொல்லிக் குடுப்பா?”

நியாயமான கேள்விதான்.

மார்க்கை இளக்காரமாகப் பேசுவது வசதி உள்ளவர்களுக்குச் சுலபம். தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியல் சேர்க்கைக்கு மாநில நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. கூலி வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளை நல்ல கல்லூரிக்குள் கால் வைப்பது அந்த மார்க்கால்தான். அதை வேண்டாம் என்று சொல்ல நாம் யார்?

சரி, பண்பாடு? அந்த ஒரு வார்த்தைக்குள் இரண்டு விஷயத்தைச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறோம். ஒன்று வழக்கம்: நீறு பூசுவது, பாட்டு, விரதம், பண்டிகை. இன்னொன்று குணம்: பொய் பேசாதது, விழுந்தவனைத் தூக்கி விடுவது, எளியவரை மதிப்பது. வழக்கத்தை வீடு கொடுக்க முடியும், கொடுக்கணும். அதை ஃபீஸ் கட்டிப் பள்ளியிடம் ஒப்படைத்துவிட்டு நாம் டி.வி. பார்க்க முடியாது. குணம் அப்படி இல்லை. பிள்ளை ஒரு நாளில் ஏழு மணி நேரம் பள்ளியில் இருக்கிறது. அங்கே பெரியவர்கள் எப்படி நடக்கிறார்களோ, அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும்.

காலை பிரேயரில் இனியவை கூறல் குறளைச் சொல்ல வைக்கிறார்கள். பத்தரை மணிக்கு, ஃபீஸ் கட்டாத பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறார்கள். எது மனசில் நிற்கும்? பொங்கல் விழாவுக்குப் பட்டுப்பாவாடை கட்டி வரச் சொல்லிவிட்டு, மற்ற நாளில் தமிழில் பேசினால் ஃபைன் போட்டால்? 2006-ல் வந்த சட்டத்தால் தமிழ் கட்டாயப் பாடம் ஆனது உண்மைதான். ஆனா அந்தத் தமிழைப் பேச வெட்கப்படணும் என்பதையும் பிள்ளை அதே கட்டிடத்தில் கற்றுக்கொண்டு வந்துவிடும்.

நூறு சதவீதத் தேர்ச்சியும் இப்படித்தான். ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், பத்தாம் வகுப்புப் பரீட்சை எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேட்டுப் பாருங்க. மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு எடுக்கும் நூறு, சொல்லிக் கொடுத்து வாங்கிய நூறு ஆகாது. தானாகப் படிக்கிற பிள்ளை எங்கே இருந்தாலும் படிக்கும். புரியாத பிள்ளைக்குப் புரிய வைப்பதுதானே வாத்தியார் வேலை?

ஆக, இரண்டையும் ஒரே கேள்வியில் பார்த்துவிடலாம். பின்தங்கிய பிள்ளையை இந்தப் பள்ளி எப்படி நடத்துகிறது? அதில் படிப்பின் தரமும் தெரியும், பண்பாடும் தெரியும்.

2009 கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையை அடிப்பதையும் மனசு நோகச் செய்வதையும் தடை செய்கிறது. தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு என்றும் சொல்கிறது. அந்தப் பிள்ளைகள் மற்றவர்களோடு கலந்து உட்காருகிறார்களா? படிப்பில் தடுமாறும் பிள்ளைக்குத் தனியாக நேரம் ஒதுக்குகிறார்களா? ஆயாம்மாவை ஆசிரியர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்கள்? பள்ளி விடும் நேரத்தில் கேட் பக்கம் அரை மணி நேரம் நின்றால் பாதி தெரிந்துவிடும்.

இரண்டும் நன்றாக அமைந்தால் முருகன் அருள். அமையாவிட்டால்? என் முடிவு இது. படிப்பு கொஞ்சம் சுமாராக இருந்தாலும், பயமில்லாமல் கேள்வி கேட்க விடும் பள்ளிக்கே சின்ன வகுப்புகளில் அனுப்புவேன். விட்டுப்போன கணக்கை டியூஷனில் பிடித்துக்கொள்ளலாம். ‘நான் மக்கு’ என்று ஐந்து வயதில் மனசில் விழுந்த வடுவுக்கு எந்த டியூஷனும் கிடையாது. இந்த அளவுகோலில் மார்க் பள்ளி தேறினால் அங்கேயே சேர்ப்போம். கவசத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பிரேயர் பாடும் பள்ளி இதில் தேறாவிட்டால், பாட்டுக்காக மட்டும் அங்கே சேர்க்க மாட்டேன்.

சேர்த்த பிறகும் நம் வேலை முடியவில்லை. சுவாமிமலையில் பிள்ளை சொல்ல, தகப்பன் பணிந்து கேட்டார். நாமும் சாயந்திரம் பத்து நிமிஷம் போனை வைத்துவிட்டுக் கேட்போம். “எத்தனை மார்க்?” என்று இல்லை, “இன்னிக்கு உன் வகுப்புல யாராவது அழுதாங்களா? அப்போ மிஸ் என்ன செஞ்சாங்க?” என்று.

வேலும் மயிலும் துணை.