வேதத்தில் இல்லாத வேதவாக்கு

தன்முயற்சியின் சிறப்பை மேடையில் எடுத்துரைப்போர், “தனக்குத்தானே உதவிக்கொள்பவனுக்கே இறைவன் உதவுகிறான்” என்று கூறி, அதற்கு விவிலிய வாக்கு என முத்திரையும் இடுவர். ஆசிரியப் பயிற்சி முடித்த காலந்தொட்டுப் பல ஆண்டுகள், பள்ளியின் காலைக் கூட்டங்களில் நானும் அவ்வாறே முழங்கியவன். பழைய ஏற்பாட்டிலும் சரி, புதிய ஏற்பாட்டிலும் சரி, அவ்வாக்கு இல்லை.

கருத்து மிகப் பழையதே. சேற்றில் வண்டி புதைய, கைகட்டி நின்று ஹெர்க்குலிஸைக் கூவியழைத்த வண்டிக்காரனை, “முதலில் சக்கரத்திற்குத் தோள் கொடு” என்று அத்தெய்வம் கடிந்துகொண்டதாக ஈசாப்பின் பெயரால் ஒரு கதை வழங்குகிறது. இன்று நாம் சொல்லும் வடிவிலேயே ஆங்கிலத்தில் எழுதியவர் அல்ஜெர்னன் சிட்னி என்னும் அரசியல் சிந்தனையாளர். 1683இல் தலை வெட்டுண்டு மாண்ட அவருடைய நூல் 1698இல்தான் அச்சேறியது. பின்னர், பெஞ்சமின் பிராங்கிளின் தம் 1736ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில் அதனைச் சிறிது மாற்றிச் சேர்த்தார்.

“பிறந்த இடம் எதுவாயின் என்ன? கருத்து நல்லதன்றோ?” என வினவலாம். நம்மிடமும் ‘தன் கையே தனக்குதவி’ என்னும் பழமொழி உண்டு. அதனை எவரும் வேதமென்பதில்லை. ஆதலின், கையொடிந்தவன் என் செய்வான் என்று அதனோடு வாதிட இயலும். வேதவாக்கு என்றதும் அக்கேள்வி எழுமுன்னரே அடங்கிவிடுகிறது. அதிவீரராம பாண்டியரின் வெற்றிவேற்கை அடியை ஔவையார் வாக்கென்று மாணவர் எழுதுவதைத் திருத்தியிருக்கிறேன். அங்கே பெயர்தான் மாறுகிறது, பொருள் கெடுவதில்லை. இங்கோ பொருளே தலைகீழாகிறது. சோம்பேறியை எறும்பிடம் பாடம் கேட்க அனுப்பும் நீதிமொழிகள் விவிலியத்தில் உள்ளதே, மறுப்பதற்கில்லை. ஆயினும் இறைவனின் உதவி முயன்றோர்க்கு மட்டுமே என்று அந்நூல் வரம்பு கட்டவில்லை. எசாயா ஆகமம் அவனை எளியோர்க்கு அரணாகவே காண்கிறது.

தோட்டப்புறப் பள்ளியொன்றில் நான் பணியாற்றிய நாளில், ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளி விட்டதும் என் மேசையருகே வந்து நின்றான். பின்னக் கணக்கு விளங்கவில்லை, தனியே சொல்லித்தர வேண்டும் என்றான். அவன் தந்தை நோயில் கிடந்தார். விடியுமுன் தாயோடு காட்டிற்குப் போய் மங்கு துடைத்துவிட்டுப் பள்ளிக்கு வருபவன் அவன். எனக்கோ பேருந்தைப் பிடிக்கும் அவசரம். அவ்வாக்கைச் சொன்னேன். விவிலியமே கூறுகிறது என்றும் சேர்த்துக்கொண்டேன்.

“சரிங்க ஐயா” என்று சொல்லி, நோட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு போனான்.