தேடுசொல்லும் ஆய்வறமும்

“இப்பொருள் பற்றி எவரும் எழுதிலர்” என்று ஆய்வாளன் ஒருவன் கூறுதல் எளிது. அங்ஙனம் கூறுதற்கு அவன் எவ்வளவு தேடியிருத்தல் வேண்டும் என்பது அறத்தின்பாற்பட்ட வினாவாகும். அரசறிவியல் ஆய்வு பெரிதும் மின்தரவுத்தளங்களை நாடும் இக்காலத்தே அவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது.

ஆனையிறவு இதற்குத் தக்க சான்று. யாழ்ப்பாணக் குடாநாட்டை வன்னிப் பெருநிலத்தோடு இணைக்கும் இவ்வொடுங்கிய நிலம் சிங்களத்தில் அலிமங்கட எனவும் ஆங்கிலத்தில் எலிபன்ட் பாஸ் எனவும் வழங்கும். யானை கடந்த வழி என்பதே மூன்று பெயர்க்கும் பொதுக்கருத்து. பொருள் ஒன்றாயினும் எழுத்து வேறு. சொற்களைத் தேடும் பொறி ஒப்புநோக்குவதோ எழுத்தையே. ஆங்கிலப் பெயரை மேற்கோட்குறியின்றி இட்டால் யானைகளைப் பற்றிய விலங்கியற் கட்டுரைகளும் வந்து குவியும். தமிழ்ப்பெயரை உரோம எழுத்திற் பலரும் பலவாறு எழுதுதலின், ஒரு வடிவையே தேடுவோன் ஏனையவற்றை இழப்பான். மேலைத் தரவுத்தளங்களில் இடம்பெறாத ஈழத்துத் தமிழிதழ்கள் பலவற்றை 2005 இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்திலேயே காணலாம்.

பெயரினும் நுண்ணியது நிகழ்ச்சியைச் சுட்டும் சொல். 2000 ஏப்பிரலில் ஆனையிறவுப் படைத்தளத்தை விடுதலைப் புலிகள் கைப்பற்றினர். 2009 ஜனவரியில் அரச படையினர் அவ்விடத்தை மீண்டும் கைப்பற்றினர். ஒருசாரார்க்கு ‘வீழ்ச்சி’யானது மறுசாரார்க்கு ‘மீட்பு’. அவற்றுள் ஒன்றை மட்டும் தேடுவோன், ஒரு தரப்பின் சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதும் நீதிபதியை ஒப்பான்.

ஜோர்ஜ் பூல் 1854 இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்த அளவையியலே இத்தேடல் முறைக்கு அடிப்படையாகும். ‘மற்றும்’ தேடலைக் குறுக்கும், ‘அல்லது’ விரிக்கும், ‘அன்றி’ விலக்கும். மூன்றனுள் அச்சந்தருவது இறுதியதே. ஆனையிறவு உப்பளத்தை ஆராய்வோன், படை நடவடிக்கைச் செய்திகளைத் தவிர்க்கக் கருதிப் ‘போர்’ என்னும் சொல்லை விலக்கினால், போரினால் தொழிலிழந்த உப்பளத் தொழிலாளர் பற்றிய கட்டுரையும் உடன் நீங்கும். நீங்கியது கண்ணிற் படாமையின், இழப்பு இழப்பாகவே தோன்றாது.

எதிர்த்தரப்பின் சொல்லைத் தேடலிற் கையாளுதல் அத்தரப்பை ஏற்பதாகாதோ எனச் சிலர் ஐயுறலாம். ஆகாது. தேடுசொல் செவி போன்றது. எழுதுசொல் நாவினை ஒத்தது. எவர் கூற்றையும் கேட்டல் கடன். எதனைத் தன் கூற்றாக உரைப்பது என்பது அதன்பின் எழும் தீர்ப்பு. கேளாது உரைத்தல் நடுவுநிலைமை ஆகாது. கேட்டதனாலேயே உடன்பட்டான் என்பதும் பொருந்தாது.

ஆதலின், போட்டிப் பெயர்கள் அனைத்தையும் ‘அல்லது’ கொண்டு இணைத்துத் தேடுதலும், தேடிய சொற்கள், தளங்கள், நாள் ஆகியவற்றை ஆய்வேட்டிற் குறித்தலும் வெறும் நுட்பங்கள் அல்ல; வாய்மையின் கூறுகள். ‘இல்லை’ என்பதற்கும் ‘இச்சொற்களால் தேடியவிடத்துக் கிடைத்திலது’ என்பதற்கும் இடையே உள்ள தொலைவே ஆய்வாளனின் நேர்மையை அளக்கும் கோல்.