வண்டியோட்டுவோர்க்கும் ஈர்யா சமிதி

துறவியர் தம் முன்னுள்ள நான்கு முழத் தரையை நோக்கி, உயிர்க்கு ஊறு நேராவண்ணம் அடியெடுத்து வைப்பர். இதுவே ஈர்யா சமிதி. அவர்கள் ஊர்தி ஏறுவதில்லை. மோட்டார் சைக்கிளில் செல்லும் நம் பிள்ளைகளுக்கு இவ்வொழுக்கத்தில் பங்குண்டா?

"கொல்லும் எண்ணம் இல்லை, ஆகவே இது சங்கற்ப இம்சை அன்று" என்பர் சிலர். உமாஸ்வாமியோ, தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்துப் பிரமாதம் என்னும் கவனமின்மையையே முதலில் வைத்தார்.

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 10 மீட்டர் ஓடும். வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் ஓடி நிற்கும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். கண்ணுக்குத் தெரியும் தொலைவுக்குள் நிற்கக்கூடிய வேகமே வண்டிக்குரிய நான்கு முழம். நெரிசலில் பேருந்துகளின் இடுக்கில் நுழைபவன், பேருந்தின் மறைவிலிருந்து சாலையைக் கடக்கும் மூதாட்டியைக் காணான். மழையிரவில் விரைபவன் தவளையைக் காணான். காணாத இடத்தில் விரைவது அவனே தேர்ந்துகொண்ட செயலன்றோ?

இத்தேர்வு வண்டி வாங்கும்போதே தொடங்குகிறது. 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். எவ்வளவு விரைவாக ஓடும் என்று கேட்குமுன், எவ்வளவு நன்றாக நிற்கும் என்று கேட்போம்.

கவனத்துடன் செல்பவன் காலடியில் தற்செயலாக ஓர் உயிர் மடியினும் அவன் இம்சை செய்தவனாகான். கவனமற்றவனோ, எவ்வுயிரும் மடியாவிடினும் இம்சை செய்தவனே என்பது நம் ஆசாரியர் கொள்கை. ஆதலின், விபத்தின்றி வீடு சேர்ந்தது மட்டும் அகிம்சைக்குச் சான்றாகாது. வழிநெடுகக் கண்டு ஓட்டினோமா என்பதே நாம் நம்மைக் கேட்க வேண்டிய வினா.