யார் கணக்கில் இந்தப் புழு?

பூந்தமல்லி வரதராசப் பெருமாள் கோயிலில் திருக்கச்சி நம்பிக்குத் தனிச் சந்நிதி உண்டு. பதினோராம் நூற்றாண்டில் இந்த ஊரில் பிறந்த வணிகர் வீட்டுப் பிள்ளை அவர். சொத்தில் தன் பங்கை நந்தவனத்தில் போட்டார், பூத்ததைத் தொடுத்து எடுத்துக்கொண்டு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நடந்து காஞ்சி வரதருக்குச் சாத்தினார், அங்கே ஆலவட்டம் வீசினார், இராமானுசருக்கு வழிகாட்டினார். குருபரம்பரைக் கதைகள் இவ்வளவும் சொல்கின்றன. ஒன்றை மட்டும் சொல்லவில்லை. நந்தவனத்துச் செடியின் வேரைப் புழு கடித்தபோது நம்பி என்ன செய்தார்?

வைணவத்தில் தோட்டக்கார அடியார்களுக்குப் பஞ்சமே இல்லை. வில்லிபுத்தூரில் பெரியாழ்வார், அரங்கத்தில் தொண்டரடிப்பொடி, திருமலையில் அனந்தாழ்வான். இவர்களில் அனந்தாழ்வானைப் பற்றி ஒரு எறும்புக் கதை உண்டு. மலையிலிருந்து இறங்கிப் பயணம் போன வழியில் கட்டுச்சோற்றைப் பிரித்தார், உள்ளே எறும்புகள். அந்த மலையில் ஏதாவது ஒன்றாகப் பிறந்தால் போதும் என்று குலசேகராழ்வார் ஏங்கினாரே, இந்த எறும்புகளில் ஒன்று அப்படி வந்து பிறந்த அடியாராக இருந்துவிட்டால்? மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்ப மலையேறி, எறும்புகளை அவற்றின் இடத்திலேயே விட்டுவிட்டு வந்தார் என்பார்கள். கேட்க இனிக்கிற கதை.

அதே அனந்தாழ்வானைப் பற்றி இன்னொரு கதையும் இருக்கிறது. தோட்டத்துக்கு நீர் வேண்டிக் குளம் வெட்டினார். மண் சுமந்த கர்ப்பிணி மனைவிக்கு உதவ ஒரு சிறுவன் வந்தான். கைங்கரியத்தில் பங்குக்கு வந்தவன் மேல் கோபம் வந்து கையிலிருந்த கடப்பாரையை வீசினார். அது சிறுவனாக வந்திருந்த பெருமாளின் மோவாயிலேயே பட்டது. அந்தக் கடப்பாரை என்று சொல்லி ஒன்றைத் திருமலைக் கோயில் வாசலில் இன்றும் மாட்டி வைத்திருக்கிறார்கள். பெருமாளுக்குப் பட்ட அடிக்குப் பச்சைக் கற்பூரம் சாத்துகிறோம். அதே கடப்பாரை மண்ணில் இறங்கிய ஒவ்வொரு முறையும் எத்தனை புழு, எத்தனை எறும்பு போயிருக்கும்? கட்டுச்சோற்று எறும்புக்காக மலையேறியவர் குளத்து மண் எறும்புக்கு என்ன சொன்னார்? கதை அங்கே வாயைத் திறப்பதில்லை.

எல்லாத் தோட்டத்திலும் இந்த மௌனம் உண்டு. வயலிலும் நந்தவனத்திலும் அதைக் கவனிக்காமல் கடந்துவிடலாம். வீட்டுக்குள் வைத்த தொட்டியில் முடியாது.

நந்தவனம் இப்போது பால்கனிக்கும் சமையலறைச் சன்னலுக்கும் வந்துவிட்டது. 2013-14இல் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித்தோட்டப் பைகளைக் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து, பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் அடுக்குமாடிகளில் தென்னை நார்க்கழிவு தெரியாத வீடு குறைவு. மொட்டைமாடி வெயில் தாங்காத நாற்றை உள்ளே வைத்து வளர்க்கிறார்கள். குழித்தட்டில் தக்காளியோ மிளகாயோ ஊன்றி, தினமும் பாசத்தோடு தண்ணீர் தெளித்து, இரண்டு இலை விட்டதும் படமெடுத்து உறவுக்காரர்களுக்கு அனுப்புகிறார்கள். நாலு நாளில் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக இளைத்து, நாற்று சாய்ந்து கிடக்கிறது.

வேளாண்மைக்காரர்கள் இதை நாற்றழுகல் என்பார்கள். பித்தியம், ரைசோக்டோனியா போன்றவை செய்கிற வேலை. பித்தியத்தின் வித்துகள் நீரில் நீந்திப் போகக்கூடியவை; ஆகவே சொதசொதவென்ற மண் அவற்றுக்கு ராஜபாட்டை. முளைத்த பின் சாய்ப்பது ஒரு வகை. முளைக்கு முன்பே விதையை அழுகவைத்து, கடைக்காரர் மேல் பழி விழச் செய்வது இன்னொரு வகை. கூடவே தொட்டியிலிருந்து சின்னக் கறுப்பு ஈக்கள் எழும்பும். பங்கஸ் நேட் என்று தோட்டப் பிரியர்கள் சொல்லும் இந்த ஈயின் பெண், ஈர மண்ணில் 200 முட்டை வரை இடும். கண்ணாடிபோல் உடலும் கறுத்த தலையும் கொண்ட புழு, மேல்மண்ணில் இரண்டு மூன்று அங்குலத்துக்குள் இருந்துகொண்டு பூஞ்சையையும் மக்கையும் தின்னும். அது போதாதபோது இளவேரையும் கடிக்கும். முட்டையிலிருந்து ஈ ஆக மூன்று நான்கு வாரம்தான். போகிற போக்கில் பித்தியத்தையும் ஒரு தொட்டியிலிருந்து மற்றொன்றுக்குச் சுமந்து செல்லும்.

இப்போது கையில் ஒரு மருந்துப் பாட்டில். நாற்றைக் காப்பாற்றப் புழுவைக் கொல்லலாமா?

பழைய நூல்களைக் கேட்டால் முதலில் கிடைப்பது ஒரு சங்கடம். தொல்காப்பியம் மரபியலில் புல்லும் மரமும் ஓரறிவு. கறையானும் எறும்பும் மூவறிவு. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரத்தில் புழுவுக்கு இரண்டு புலன், எறும்புக்கு மூன்று, வண்டுக்கு நான்கு என்று ஒவ்வொன்றாக ஏறுகிறது. இந்தப் படிக்கட்டின்படி பார்த்தால், ஓரறிவு மிளகாய் நாற்றுக்காக ஈரறிவுப் புழுவைக் கொல்வது நஷ்ட வியாபாரம். போதாக்குறைக்கு, மூன்று வாரத்தில் அதே புழு ஈயாகி இரண்டு புலன் கூடுதலாகப் பெற்றுவிடுகிறது. நிறுவைக்குள் அடங்காத பிராணி!

வள்ளலார் இந்தச் சிக்கலைத் தாவரத்தின் பக்கமிருந்து தொட்டிருக்கிறார். வாடும் பயிருக்காக வருந்தியவர் என்று எல்லோருக்கும் தெரிந்த அவர், ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் ஒரு தடையை எழுப்பிப் பதிலும் சொல்கிறார்: தாவரமும் உயிர்தானே, அதை உண்பது கொலையாகாதா? விதையை ஊன்றி முளைக்கச் செய்யும்வரை அது சடம் என்பது அவர் விடையின் ஒரு பகுதி. அப்படியானால் குழித்தட்டில் நாற்றழுகல் தாக்குவது சடம் உயிராகிற அந்த வாசலிலேயே. வருந்த வேண்டிய இடம்தான். ஆனால் பூஞ்சைக்காக வருந்த வேண்டுமா என்பதற்கு அங்கே விடை தேடுவது வீண். அவர் பேசியது பசியையும் உணவையும் பற்றி.

மற்ற மரபுகள் தப்பிக்கும் வழி ஒன்றைக் கண்டுபிடித்தன: மண்ணைத் தொடும் வேலையை வேறொருவரிடம் தள்ளிவிடுவது. இரும்பு முனை மண்ணையும் மண்ணில் வாழும் உயிரையும் பிளக்கிறது என்று சொல்லி, மனு நூலின் பத்தாம் அத்தியாயம் உழவிலிருந்து பிராமணரை விலக்குகிறது. பௌத்த வினயம் பிக்கு மண்ணைத் தோண்டவும் செடியை வெட்டவும் தடை போடுகிறது. தோண்டியே ஆக வேண்டுமானால்? இல்லறத்தாரிடம் ‘தோண்டு’ என்று சொல்லக்கூடாது. ‘இதைக் கவனி’ என்று சொல்லலாம். சோறு எல்லோருக்கும் வந்தது, கணக்கு உழுதவன் பெயரில் எழுதப்பட்டது.

இதில் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதவர்கள் தமிழ்ச் சமணர்கள். எறும்பை மிதிக்கக் கூசும் சமயம். ஆனால் மேல்சித்தாமூர் மடத்தைச் சுற்றியும் வந்தவாசி, திண்டிவனம் பக்கத்திலும் வாழும் நயினார்கள் தலைமுறை தலைமுறையாக நிலத்தில் இறங்கி உழுதவர்கள். அவர்களுடைய மரபு கொலையை வகை பிரித்தது. கொல்ல வேண்டும் என்று கருதிச் செய்வது ஒன்று. சமைப்பதிலும் பெருக்குவதிலும் நேர்வது ஒன்று. பிழைப்புத் தொழிலில் நேர்வது ஒன்று. தற்காப்பில் நேர்வது மற்றொன்று. முதலாவதை இல்லறத்தார் அடியோடு விட வேண்டும். மற்றவற்றைக் குறைக்க வேண்டும். குறைப்பது எப்படி என்பதற்கான திறவுகோல் தத்துவார்த்த சூத்திரம் கொலைக்குச் சொல்லும் இலக்கணத்திலேயே இருக்கிறது. உயிர் போவது மட்டும் அங்கே இம்சை ஆகாது. அசட்டையால், விழிப்பில்லாமல், ஆசை பிடித்தாட்டும் மனத்தால் உயிரைப் போக்குவதே இம்சை.

வீட்டுத் தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான சட்டம் கிடைக்காது. அந்த ஈக்கள் எங்கிருந்து வந்தன? வெளியே வயலில் மண் காய்கிறது, குருவி கொத்துகிறது, சிலந்தி பிடிக்கிறது, கொல்லும் வேலையை ஆயிரம் பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். மூடிய அறையில் வெயில் இல்லை, காற்று இல்லை, வேட்டைக்காரன் இல்லை. தினமும் தண்ணீர் மட்டும் உண்டு. புழுவுக்கு வீடு கட்டி, சாப்பாடு போட்டு, எதிரியை விலக்கி வைத்தது தோட்டக்காரர் கைதான். வளர்த்துவிட்டு விஷம் ஊற்றுவதில் பாவம் எங்கே என்று கேட்டால், பாட்டிலில் தேடுவதற்கு முன் பூவாளியில் தேட வேண்டும்.

இயற்கை முறை என்றால் கை சுத்தம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டிரைக்கோடெர்மா விரிடி நோய்ப் பூஞ்சையின் இழையைச் சுற்றி நெரித்து அதையே தின்கிறது. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலையில் கண்டெடுத்த பி.டி.ஐ. பாக்டீரியா, கொசுப் புழுவின் குடலைச் சிதைப்பதுபோல் இந்த ஈயின் புழுவையும் கொல்கிறது. வேறு உயிர்களை அவ்வளவாகத் தொடாதவை என்பதால் இவை நல்ல தேர்வுகள்தான். ஆனாலும் நடப்பது ஆள் வைத்துக் கொல்லும் காரியம். 1946இல் காந்தி ‘ஹரிஜன்’ இதழில் இதைப் பூசி மெழுகாமல் எழுதினார்: உழவனாக இருக்க வேண்டுமானால் பயிரைத் தின்னும் குரங்கையும் பறவையையும் பூச்சியையும் கொல்ல வேண்டிவரும், தானே செய்யாமல் ஆள் வைத்துச் செய்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கோயம்பேட்டில் காய் வாங்கிக்கொண்டு தொட்டிப் புழுவுக்கு மட்டும் கண்ணீர் விடுகிறவருக்கும் இது பொருந்தும். அந்தக் கத்திரிக்காய்க்காக எத்தனை முறை மருந்தடித்தார்கள் என்று எந்தக் கடையிலும் எழுதிவைப்பதில்லை.

நாற்றையே கொல்கிற சந்தர்ப்பமும் வரும். ஒரு குழியில் மூன்று விதை போட்டால், நல்லதை நிறுத்திவிட்டு மற்ற இரண்டையும் கிள்ளியெறிய வேண்டும். பூஞ்சை கொண்டுபோன நாற்றுக்கு அழுதவர் இதைத் தயங்காமல் செய்வார். கொல்லாமைக்கு ஒரு முழு அதிகாரம் கொடுத்த வள்ளுவர்கூட, கொடியவரை அரசன் தண்டிப்பதற்குப் பயிரிடையே களை எடுப்பதைத்தான் உவமை சொல்கிறார். களையெடுப்பு நியாயமா என்ற சந்தேகமே அங்கே எழவில்லை. வளர்ப்பவர் பொறுக்கி எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதை ஒப்புக்கொண்ட பிறகே இந்த வாதம் நேர்மையாக நடக்க முடியும்.

அசோகர் ஐந்தாம் தூண் கல்வெட்டில், உயிர்கள் குடியிருக்கும் உமியைக் கொளுத்தக்கூடாது என்று ஆணையிட்டார். நாற்றங்காலில் உமியையும் சருகையும் போட்டுக் கொளுத்தி மண்ணைச் சுத்தம் செய்வதோ பழைய உழவு முறைகளில் ஒன்று. இரண்டும் ஒரே நாட்டில் நடந்தன. கோடை உழவும் இப்படித்தான். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறார்கள். அந்தத் தங்கம், கூட்டுப்புழுக்களை மேலே புரட்டி வெயிலுக்கும் காக்கைக்கும் கொடுத்துக் கிடைப்பது. தொட்டி மண்ணைக் கண்ணாடித்தாளால் மூடி வெயிலில் வேகவைப்பதும் சிறிய அளவில் அதுவே. கூடவே நல்ல உயிர்களும் போகும். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஒருமுறை நேர்வதற்கும், மாதா மாதம் புதுத் தலைமுறையைப் பிறக்கவிட்டு மாதா மாதம் கொல்வதற்கும் வேறுபாடு இருக்கிறது. மேல்மண் காய்ந்தால் ஈ முட்டையிட நாடுவதில்லை. பிறக்காததைக் கொல்ல வேண்டியதும் இல்லை. சமண இலக்கணம் கேட்கும் விழிப்பு, வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் தண்ணீர் ஊற்றாமல் இருப்பதுதான்.

ஆகவே ஐப்பசி மழைக் காலத்தில் வீட்டுக்குள் நாற்று விடப் போகிறவர்கள் மண்ணைச் சித்திரையிலேயே காயவைத்து, கட்டி வையுங்கள். விதை நேர்த்திக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு, கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி. வீட்டுக்கு ஒரு சிட்டிகை போதும். குழித்தட்டின் அடித்துளை அடைக்காமல் பார்த்து, சன்னலைத் திறந்து காற்று விடுங்கள். மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும், காலையில், அடியிலிருந்து தண்ணீர் ஏறும்படி தட்டில் ஊற்றுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஈ வந்தால் மஞ்சள் ஒட்டும் அட்டையை மாட்டுங்கள், அதில் எத்தனை ஒட்டியிருக்கிறது என்று வாரம் ஒருமுறை எண்ணியும் பாருங்கள்.